கற்சிலுவையில் எதற்குத் திராட்சைக்கொடி?

பிரிட்டனின் பழைய தேவாலயங்களில் உள்ள கற்சிலுவைத் தண்டுகளில் கொடிகள், பறவைகள், பின்னல் முடிச்சுகள் ஏன், அவை வெறும் அலங்காரமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை; குறைந்தபட்சம் கொடிக்கு நிச்சயமாகப் பொருள் உண்டு.

ஸ்காட்லாந்தின் ரூத்வெல் தேவாலயத்தில் இருக்கும் 8ஆம் நூற்றாண்டுச் சிலுவையைப் பாருங்கள். உயரம் ஐந்து மீட்டருக்கும் மேல். அதன் குறுகலான இரு பக்கங்களிலும் ஒரு திராட்சைக்கொடி அடியிலிருந்து வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பறவையோ விலங்கோ கனியைக் கொத்திக்கொண்டிருக்கிறது. யோவான் நற்செய்தியில் இயேசு தம்மையே மெய்யான திராட்சைச்செடி என்கிறார். அப்படியானால் இந்த உயிர்கள் உண்பது எதை? அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் இயேசுவின் உடலாகவும் இரத்தமாகவும் உண்ணும் நற்கருணைச் சடங்கை நினைத்தால் விடை கிடைத்துவிடும். கல்லில் இவ்வளவு கனிவாக இறையியல் பேசியவர்கள் குறைவு என்றே நான் சொல்வேன்.

கொடியைச் சுற்றி ரூனிக் என்ற பண்டைய ஜெர்மானிய எழுத்துகளில் பழைய ஆங்கிலக் கவிதை வரிகள் ஓடுகின்றன. அதில் பேசுவது சிலுவையேதான்: இறைவனைச் சுமந்த கதையைத் தன் வாயாலேயே சொல்கிறது.

பின்னல் முடிச்சுகளுக்கு நல்ல சான்று, வட இங்கிலாந்தின் பியூகாசில் என்ற ஊரிலுள்ள சிலுவை. அதே பின்னல்களை அக்கால உலோக நகைகளிலும் சுவடி ஓவியங்களிலும் காணலாம். கைவினைஞர்களின் பொதுச்சொத்து அது.

1640களில் சிலை எதிர்ப்பாளர்கள் ரூத்வெல் சிலுவையை உடைத்துப் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி டங்கன் என்ற போதகர் துண்டுகளைச் சேர்த்து நிறுத்தினார். 1887இல் அது தேவாலயத்துக்குள் வந்தது. உயரம் அடங்காததால் தரையைத் தோண்டி நிறுத்தியிருக்கிறார்கள்.