அம்மாவுக்கு 11 எண் துணி வாங்குங்கள்

வணக்கம். அம்மாவுக்கு வாங்கித் தந்த கிராஸ் ஸ்டிட்ச் (நூலால் X வடிவில் தைக்கும் எம்ப்ராய்டரி) கிட், கண் வலிக்கிறது என்று பாதியில் கிடக்கிறது, அடுத்து எது வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். குறை அம்மாவின் கையில் இல்லை, துணியில்தான். அந்தக் கிட்டில் இருப்பது 18 எண் ஐடா, அதாவது கட்டம் கட்டமாக நெய்த துணி. அதில் ஓர் அங்குலத்துக்கு 18 கட்டம்; அது மிகவும் பொடி. 11 எண் வாங்குங்கள், ஊசி இறங்கும் ஓட்டை பளிச்சென்று தெரியும். ஆறு இழை நூலில் மூன்றைப் பிரித்துக் கோத்தால் கட்டம் நன்றாக நிரம்பும். 55 கட்ட அகல டிசைன் என்றால் 5 அங்குலம் வரும். தொடக்கத்துக்கு அதுவே சரி.

அப்புறம், கிட்டோடு வரும் டிசைன் வரைபடத்தில் நூலின் ஆங்கர் அல்லது டிஎம்சி (இரண்டும் நூல் கம்பெனிகள்) நிற எண் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். என் முதல் கிட்டில் எண் இல்லை. பச்சை நூல் தீர்ந்ததும் குத்துமதிப்பாக வேறு பச்சை வாங்கினேன். ஒரே இலை இரண்டு நிறமாகிவிட்டது.