குழந்தைகளுக்கான அரசு மனநல சேவை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகன் சரியாகப் படிப்பதில்லை, கோபமும் அதிகம். என்ன மாத்திரை கொடுக்கலாம்? (ஒரு தந்தை, சேலம்)

வயது என்ன, எந்த வகுப்பு, எப்போதிலிருந்து கோபம், வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. இப்படிக் கேட்பவர்களுக்கு மாத்திரைப் பெயர் சொல்ல மாட்டேன் என்று எத்தனையோ முறை எழுதிவிட்டேன். 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். நேரில் காட்ட மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பையனை அம்மாவோடு அனுப்பிவிட்டு நீங்கள் வேலைக்குப் போய்விடாதீர்கள்.

குழந்தைக்கு மூன்று வயது, இன்னும் பேச்சு வரவில்லை. அங்கன்வாடி டீச்சர் டி.இ.ஐ.சி.க்கு (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிந்து சிகிச்சை தரும் மாவட்ட அரசு மையம்) போகச் சொல்கிறார். மாமியார் ஐந்து வயது வரை பொறுக்கச் சொல்கிறார். (ஒரு தாய், அரியலூர்)

டீச்சர் சொல்வதைக் கேளுங்கள். இந்த வாரமே போங்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் போகும் ஒவ்வொரு மாதமும் பெரிய இழப்பு.

ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு) உள்ள பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?

அதற்கென்று தனியாகக் கிடைக்காது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எல்லாம் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. ஆனால் பல பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். அதையும் சோதித்துவிடுங்கள்.

மகளுக்கு 13 வயது. இரண்டு வருடத்தில் கவுன்சிலிங் தருபவர் மூன்று முறை மாறிவிட்டார். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இனி வர மாட்டேன் என்கிறாள். யாரிடம் முறையிடுவது? (தென் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்)

உங்கள் மகள் சொல்வது முழுக்க நியாயம். பிள்ளைகள் ஒரு மனிதரை நம்பித்தான் வாய் திறக்கிறார்கள், கட்டடத்தை நம்பி அல்ல. அந்த நம்பிக்கை வருவதற்கே சில மாதம் ஆகும். வந்த நேரத்தில் ஆள் மாறினால் அதுவரை செய்ததெல்லாம் வீண்.

இதை நான் விடாமல் எழுதி வருகிறேன். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சேவையைத் தரும் மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அதில் ஒன்று நம் திருச்சி. ஏறத்தாழ 30 வருடம் ஆகிவிட்டது. திட்டத்தில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என்று முழுக் குழுவே இருக்கிறது. ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 80 லட்சத்தை ஒட்டி ஒதுக்கலாம் என்று விதியும் இருக்கிறது. ஆனால் பணியிடங்கள் பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். வேறு இடத்தில் நிலையான வேலை கிடைத்தால் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது; அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. குறை, அவர்களை அப்படி வைத்திருக்கும் ஏற்பாட்டில்.

அடுத்தது கணக்கு. இத்தனை பேரைப் பார்த்தோம் என்ற எண்தான் மேலே போகிறது. ஒரே பிள்ளையைப் பத்து முறை உட்கார வைத்துப் பேசியதும், குடிக்கும் அப்பாவை வரவழைத்ததும், பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரைப் பார்த்ததும் அந்த எண்ணில் தெரிவதில்லை. குழந்தைகள் மனநலத்தில் உண்மையான வேலையே அதுதான். உளவியலாளர், சமூகப் பணியாளர் இடங்களை நிரந்தரமாக்க வேண்டும். பெற்றோரோடு பேசுவதையும் சிகிச்சையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். சனிக்கிழமை குழந்தைகளுக்கென ஓ.பி. வேண்டும், பள்ளியையும் ஒரு நாள் கூலியையும் விட்டு எத்தனை முறை வருவார்கள்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2017 மனநலச் சட்டத்தின் 18-வது பிரிவு, குழந்தைகளுக்கான சேவையை அரசின் கடமையாகச் சொல்கிறது. மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசு சேவை இல்லாவிட்டால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் சிகிச்சை பெறும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. முதலில் மருத்துவமனைப் பொறுப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். சரியான பதில் வராவிட்டால் அதே சட்டப்படி இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மனு போடுங்கள், கட்டணம் கிடையாது. அதுவரை பழைய சீட்டு, ஃபைல் எதையும் தொலைக்காதீர்கள். புதிதாக வந்தவரிடம் ஃபைலைப் படித்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடும்படி கேளுங்கள். பாதி வேதனை குறையும்.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். மாத்திரையை நாங்களே நிறுத்திவிட்டோம். சரிதானே?

சரியில்லை. நன்றாக இருப்பது மாத்திரையால் இருக்கலாம். டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இதையும் பலமுறை சொல்லியாயிற்று. அடுத்த ஓ.பி. நாளில் ஃபைலோடு போங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு மனைவிக்கு மனநிலை கெட்டுவிட்டது. அட்மிட் செய்ய வேண்டும், நான்கு மாதக் குழந்தையை வீட்டில் விட்டு வாருங்கள் என்கிறார்கள். (ஒரு கணவர்)

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்பது 2017 சட்டத்தின் 21-வது பிரிவு. குழந்தைக்குத் தாயால் ஆபத்து வரலாம் என்று மனநல மருத்துவர் கருதினாலோ, குழந்தையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் தேவைப்பட்டாலோ தற்காலிகமாகப் பிரிக்கலாம். அதையும் 15 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆகவே காரணம் என்ன என்று டாக்டரிடமே கேளுங்கள். இடமில்லை என்பது சட்டம் ஏற்கும் காரணமல்ல. ஆனால் அட்மிஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

என் வகுப்பு மாணவன் கையைக் கீறிக்கொள்கிறான். வீட்டில் சொன்னால் அடிப்பார்கள். (ஓர் ஆசிரியை)

அவனைத் தனியாக விடாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வகுப்பில் பேச்சாகவும் ஆக்காதீர்கள். இன்றைக்கே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து 14416-ஐக் கூப்பிடுங்கள். சாக வேண்டும் என்று பேசினாலோ, காயம் ஆழமாக இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் உண்மையிலேயே அடிதடி இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. பெற்றோரிடம் நீங்கள் ஒருவராகப் போய்ச் சொல்ல வேண்டாம். தலைமையாசிரியரும் மனநலக் குழுவின் சமூகப் பணியாளரும் உடன் இருக்கட்டும்.