520 ஸ்கோரை வைத்துக்கொண்டு ஐஐடிக்குப் போடலாமா?

கேள்வி: கேரளத்தில் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம், வீட்டில் பேசுவது தமிழ். கோவையில் பி.இ. சிவில் முடித்தேன். எம்.டெக் சேர எழுதும் கேட் தேர்வில் 47 மார்க், ஸ்கோர் 520. எம்.டெக் ஸ்ட்ரக்சரல் (கட்டட அமைப்புப் பொறியியல்) படிக்க ஆசை. பாலக்காடு ஐஐடி வீட்டுக்குப் பக்கம்தான். இந்த ஸ்கோர் போதுமா, இல்லை இன்னொரு வருஷம் உட்கார்ந்து படிக்கட்டுமா? இதற்கு எங்கேயும் கிடைக்காது என்கிறார் மாமா.

மாமா 47-ஐ மட்டும் பார்த்திருப்பார். பள்ளிக்கூடக் கணக்கில் 47 என்றால் தப்பித்துப் பாஸானவர்தானே. கேட் கணக்கு வேறு. பொதுப்பிரிவின் தகுதி மார்க் எடுத்தவருக்கு ஸ்கோர் 350, உச்சியில் இருக்கும் கொஞ்சம் பேரின் சராசரி மார்க்குக்கு 900. நடுவில் இருப்பவர்களை இந்த இரண்டுக்கும் இடையே கோடு போட்டு வைக்கிறார்கள். உதாரணத்துக்குத் தகுதி மார்க் 30, உச்சியின் சராசரி 85 என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 மார்க்குக்கு 550 புள்ளி, அதாவது ஒரு மார்க்குக்கு 10. நீங்கள் 30-ஐ விட 17 கூட எடுத்தீர்கள், 350-உடன் 170 சேர்த்தால் 520. இன்னும் ஐந்தாறு மார்க் வாங்கியிருந்தால் 570, 580 ஆகியிருக்கும், அதில் கிடைக்கக்கூடிய இடங்களின் பட்டியலே மாறிவிடும்.

சரி, 520 போதுமா? எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பிரிவுக்கு, எந்த ஒதுக்கீட்டில் என்று சொல்லாமல் இதற்குப் பதிலே கிடையாது. சிவிலில் எல்லோரும் விழுந்தடித்துக் கேட்பது ஸ்ட்ரக்சரலைத்தான். பொதுப்பிரிவில், பழைய ஐஐடிகளில், 520-க்கு அது கிடைக்கும் என்று நான் நம்பிக்கை தரமாட்டேன். அதே வளாகத்தில் சுற்றுச்சூழல், நீர்வளம் போன்ற பிரிவுகள் பெரும்பாலும் இன்னும் குறைந்த ஸ்கோருக்கு இறங்கும். பாலக்காட்டில் இந்த வருஷம் சிவிலில் என்னென்ன பிரிவு எடுக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். பக்கத்து ஊர் என்பதற்காக இல்லாத பிரிவுக்கு ஆசைப்பட முடியாது.

என்ஐடிகளுக்கு, அதாவது தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கு, சிசிஎம்டி என்ற பொதுக் கவுன்சலிங். காலிகட், திருச்சி இரண்டும் அதில்தான். முந்தைய வருஷங்களில் எந்தச் சுற்றில், எந்தப் பிரிவுக்கு, எந்த ஸ்கோரோடு முடிந்தது என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். எல்லோரும் செய்யும் தப்பு, முதல் சுற்றின் எண்ணைப் பார்த்துப் பயந்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவது. கடைசிச் சுற்றைப் பாருங்கள், ஒரே வருஷத்தை நம்பாமல் இரண்டு மூன்று வருஷத்தைப் பாருங்கள், உங்கள் 520 அதற்கு மேலேயா கீழேயா என்பது ஒரு சாயங்காலத்தில் தெரிந்துவிடும். ஐஐடிகளுக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சிஓஏபி என்ற பொது இணையதளத்தில் பதிவு செய்வது வரும் இடத்தை ஏற்கவோ மறுக்கவோ மட்டும்தான். அதில் பதிந்தாலே எல்லா ஐஐடிக்கும் போட்டாயிற்று என்று நினைத்துக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

ஆராய்ச்சி வழியான எம்.எஸ்ஸையும் பாருங்கள். அங்கே ஸ்கோர் வாசல் வரைக்கும்தான், உள்ளே விடுவது எழுத்துத் தேர்வும் நேர்காணலும். அழைப்பு வந்துவிட்டால், பேசத் தெரிந்த பிள்ளைக்கு 520 ஒரு தடையே இல்லை.

நீங்கள் எழுதாத ஒன்று: சாதிச் சான்றிதழ். மத்திய நிறுவனங்களில் பிசி, எம்பிசி என்ற பிரிவுகள் கிடையாது, ஓபிசி நான்-கிரீமிலேயர்தான், அதாவது ஓபிசியில் வசதி வரம்பைத் தாண்டாதவர்கள். அந்த மத்தியப் பட்டியல் மாநிலவாரியானது. அப்பா பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், தமிழ்நாட்டுச் சான்றிதழ் பெட்டியில் இருக்கிறது என்றால் அது அப்படியே செல்லும் என்று இருந்துவிடாதீர்கள். உங்களுக்கு எந்த மாநிலத்துக்கான மத்தியப் பட்டியல் பொருந்தும், அதில் உங்கள் சாதி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு, நம்ம சித்தூர் தாலுக்கா ஆபீஸில், அதாவது பாலக்காட்டுச் சித்தூர், மத்திய அரசு வடிவத்திலேயே வேண்டும் என்று கேளுங்கள். மாநில வேலைக்கான தாளைக் கையில் கொடுத்து அனுப்பினால் கவுன்சலிங்கில் பொதுப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள், அப்போது 520-இன் மதிப்பே வேறாகிவிடும்.

இன்னொரு வருஷம் படிப்பது பற்றி: ஸ்கோர் மூன்று வருஷம் செல்லும், அதனால் இப்போது போட்டுப் பார்ப்பதில் விண்ணப்பக் கட்டணம் தவிர நஷ்டமில்லை. என்ஐடியில் ஸ்ட்ரக்சரல் கிடைத்தால் நானாக இருந்தால் சேர்ந்துவிடுவேன். மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் வரும். எதுவுமே பிடித்ததாக வரவில்லை என்றால் அப்புறம் புத்தகத்தை எடுங்கள். மாமாவிடம் இந்த ஒரு மார்க்குக்குப் பத்துப் புள்ளி கணக்கை மட்டும் காட்டிவிடுங்கள்.