கூலாயிலிருந்து தனியாக ஒரு நாள் சிங்கப்பூர்

தம்பி, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள கூலாயிலிருந்து தனியாகச் சிங்கப்பூர் போய் அன்றே திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம், ஜொகூர்-சிங்கப்பூர் பாலத்தில் கூட்டம் தாங்காது.

சிங்கப்பூருக்குள் நுழைவதற்கான வருகைப் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டை, போகும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்புங்கள். இலவசம்தான், காசு கேட்கும் தளத்தை நம்பாதீர்கள்.

ஜொகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையத்தில், சிங்கப்பூர் போகும் 170 பஸ் ஏறுங்கள். இரண்டு குடிநுழைவுச் சாவடியிலும் பையோடு இறங்க வேண்டும். பஸ் உங்களுக்காக நிற்காது, அடுத்த 170-இல் ஏறலாம். பஸ் கட்டணத்துக்கு, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே கட்டண கார்டைத் தட்டுங்கள். இறங்கும்போது மறந்தால் முழுத்தூரக் கட்டணம் பிடித்துவிடும்.

பஸ் கடைசியாக நிற்கும் குவீன் ஸ்திரீட்டிலிருந்து சிராங்கூன் சாலை நடைதூரம். அங்குள்ள வீரமாகாளியம்மன் கோயிலை முதலில் பாருங்கள், நண்பகலில் நடை சாத்துவார்கள். பிறகு தேக்கா சந்தையின் உணவங்காடியில் சாப்பாடு. மாலை 4 மணிக்கே கிளம்புங்கள். தாமதித்தால் வேலை முடிந்து ஜொகூர் திரும்புவோர் வரிசையில் மாட்டுவீர்கள்.