எட்டு வழிச் சாலைத் தடத்தில் நடப்பது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்காக 2018-ல் அளந்த தடத்தில், நம் சேலம் மாவட்டப் பகுதியை மட்டும், மஞ்சவாடிக் கணவாயிலிருந்து அரியானூர் வரை துண்டு துண்டாக நடந்து பார்த்திருக்கிறேன். சாலை வேலை எதுவும் தொடங்கவில்லை, எல்லாம் இன்னும் தோட்டமாகவும் காடாகவும்தான் இருக்கிறது. நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணா, தடம் எது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? கல் நட்டிருக்கிறார்களா? (ஓமலூர், கல்லூரி மாணவர்)

கல்லை நம்பி நடக்க முடியாது தம்பி. 2018 ஜூனில் நட்டார்கள், பல இடங்களில் விவசாயிகளே பிடுங்கிப் போட்டுவிட்டார்கள், தப்பியதெல்லாம் புல் மூடிக் கிடக்கிறது. நான் காகிதத்திலிருந்து ஆரம்பித்தேன். 1956-ம் வருடத்துத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவில், நிலத்தை எடுக்கப் போகிறோம் என்று வந்த அறிவிக்கையில் ஊர்வாரியாகப் புல எண் இருக்கிறது. அதை வைத்து அரசின் நில ஆவண இணையச் சேவையில் எஃப்.எம்.பி. வரைபடத்தை, அதாவது ஒவ்வொரு புலத்துக்கும் உள்ள அளவுப் படத்தை எடுத்து, செயற்கைக்கோள் படத்தில் வரப்பையும் கிணற்றையும் பார்த்துப் பொருத்த வேண்டும். மெனக்கெட வேண்டிய வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் போனால் எங்கோ சுற்றிவிட்டு வருவீர்கள். கணவாய் இறங்கியதும் ஆச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர், ராமலிங்கபுரம், அப்புறம் ஜருகுமலை அடிவாரம், நாழிக்கல்பட்டி, நிலவாரப்பட்டி, பாரப்பட்டி, பூலாவரி என்று வந்து அரியானூரில் கோவை சாலையைத் தொடுகிறது.

மொத்தம் எவ்வளவு தூரம்? ஒரே நாளில் முடியுமா?

முழுத் தடம் 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டம். நம் மாவட்டத்தில் சுமார் 36. நடை பழகியவர் ஒரே நாளில் முடித்துவிடலாம், ஆனால் முடிக்க வேண்டாம் என்பேன். வேகமாகப் போனால் யாரிடமும் பேச முடியாது, பேசாமல் நடந்தால் இந்த நடையில் ஒன்றுமே இல்லை.

பட்டா நிலத்துக்குள் போகலாமா? வெளியாள் என்றால் சந்தேகப்பட மாட்டார்களா? (அஸ்தம்பட்டி)

நிச்சயம் சந்தேகப்படுவார்கள், அவர்கள் மேல் தப்பே இல்லை. 2018-ல் விடிந்ததும் போலீஸ் காவலோடு வந்து தங்கள் தோட்டத்தை அளந்ததைப் பார்த்தவர்கள். கையில் போனை நீட்டிக்கொண்டு வரப்பில் நிற்கிற ஆளைப் பார்த்தால் அவர்களுக்கு முதலில் அதுதான் ஞாபகம் வரும். இது மலையேற்றப் பாதை இல்லைங்க, ஒவ்வொரு அடியும் யாரோ ஒருவருடைய பண்ணையம். ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, யார், எதற்கு வந்தோம் என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து யாராவது கூட வந்தால் போங்கள். வேண்டாம் என்று சொன்னால் சுற்றிக்கொண்டு ஊர்ச் சாலையில் போய்விடுங்கள். அளக்கிற டேப், டிரோன் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விதைத்த காட்டில் கால் வைக்காதீர்கள். ஆள் முகத்தையோ வீட்டையோ கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

அப்படி என்னதான் பார்க்க இருக்கிறது? வரைபடத்திலேயே தெரிகிறதே.

வரைபடத்தில் அது ஒரு கோடு. தரையில் 70 மீட்டர் அகலம். அந்த 70 மீட்டரைக் காலால் கடந்து பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. ராமலிங்கபுரம் பக்கம் ஒரு பெரியவர் தன் தோட்டத்தில் தடத்தின் ஒரு ஓரத்தில் நின்றுகொண்டு என்னை மறு ஓரம் வரைக்கும் போகச் சொன்னார். நடுவே கருங்கல் கட்டிய கிணறு, மோட்டார் ரூம், அதன் சுவரில் அடித்த சிவப்புப் பெயிண்ட் குறி பாதி உதிர்ந்து நிற்கிறது, அதைத் தாண்டி நாலு வரிசை தென்னை, ஒரு மாட்டுக் கொட்டகை. நிலத்தில் பாதிக்கு மேல் அவருக்கு மிஞ்சும், ஆனால் கிணறு போய்விட்டால் மிஞ்சுவது வெறும் மேட்டுக்காடு. இழப்பீட்டுக் கணக்கில் கிணற்றுக்கும் விலை உண்டு, சரி. அதே நீரூற்று கிடைக்கிற மாதிரி இன்னொரு கிணறு வெட்ட மிச்ச நிலத்தில் இடம் இருக்கிறதா என்பதை எந்தப் படமும் சொல்லாது.

இன்னொன்று, மண் மாறுவதைக் கவனியுங்கள். சேர்வராயன் மலையடிவாரத்தில் ஓடைத் தண்ணீர் ஊறுகிற இடங்களில் பாக்கும் தென்னையும் அடர்த்தியாக நிற்கும். கொஞ்சம் தள்ளி மேடேறினால் குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) கடலையும்தான். பூலாவரிப் பக்கம் வந்தால் மறுபடியும் பச்சை. மலையில் பெய்கிற மழை கிணறு வரைக்கும் எப்படி வந்து சேர்கிறது என்பது நடக்க நடக்கத்தான் பிடிபடும். குறுக்கே மேடாக ஒரு சாலை எழும்பினால் அந்த ஓடைகள் எந்தப் பக்கம் திரும்பும் என்ற கேள்வி அங்கே நிற்கும்போது தானாகவே வரும்.

வழக்கு என்ன ஆனது?

நிலமெடுப்பு அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8-ல் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8-ல், 3ஏ அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கத் தேவையில்லை, சட்டப்படி மேலே போகலாம் என்று சொல்லிவிட்டது. அதாவது வழக்கோடு திட்டம் செத்துவிடவில்லை. ஊர்க்காரர்கள் பேச்சில் இன்னும் அந்தப் பயம் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

மஞ்சவாடியில் காட்டுக்குள் இறங்கி நடக்கலாமா சார்?

கூடாது. அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் காலே வைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் எத்தனை உயிர் காட்டுத் தீயில் போனது என்று நினைத்துப் பாருங்கள். அரூர் சாலை கணவாய் வழியாகத்தான் போகிறது, அந்தச் சாலையோரமாகவே நடங்கள், வளைவுகளில் லாரி வரும் பக்கம் பார்த்து. குரங்குகள் பையைப் பிடுங்கும்.

எந்த மாதம் நல்லது? (சேலம் குகைப் பகுதி)

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி பாதி வரை. மார்ச் பிறந்தால் நம் ஊர் வெயில் உங்களுக்கே தெரியும், அடிவாரத்தில் நிழல் இல்லாத நீளமான துண்டுகள் உண்டு. மழைக்காலத்தில் செம்மண் செருப்பில் கட்டி கட்டியாக ஒட்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும், ஷூ கட்டாயம், கடலைக் காட்டோரம் கண்ணாடி விரியன் இருக்கும்.

நான் லாரி வைத்திருக்கிறேன். சென்னைக்கு ஆறு மணி நேரம் போவது இரண்டேகால் மணி நேரமாகக் குறையும் என்கிறார்கள். நீங்கள் நடந்து கதை சொல்வதால் என் டீசல் செலவு குறையுமா?

உங்கள் கஷ்டம் நியாயமானது, அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் சென்னைக்கு நமக்கு ஏற்கெனவே இரண்டு வழி இருக்கிறது, கிருஷ்ணகிரி வழி ஒன்று, உளுந்தூர்பேட்டை வழி ஒன்று. உளுந்தூர்பேட்டை வழியில் வாழப்பாடி, ஆத்தூர் புறவழிகள் நெடுங்காலம் இருவழியாகவே கிடந்து எத்தனை விபத்து நடந்தது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். இருக்கிற சாலையை முதலில் முழுசாக அகலப்படுத்திக் கொடுங்கள் என்று கேட்பதுதான் சரி என்பது என் கருத்து. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பனூருக்கு வாங்க, கூட நடந்துவிட்டு அப்புறம் பேசலாம்.

நாங்கள் இரண்டு பெண்கள், முதல் தடவை. எந்தத் துண்டில் ஆரம்பிக்கலாம் அண்ணா?

பூலாவரியிலிருந்து அரியானூர். தூரம் குறைவு, வழியெல்லாம் வீடும் ஆட்களும் உண்டு. காலை ஆறரைக்கே தொடங்கிவிடுங்கள். முடித்ததும் உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயில் பக்கம்தான், திருமணிமுத்தாற்றங்கரையில். உச்சிவேளைக்கு நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள்.