நுழைவதும் வெளியேறுவதும்

அன்புள்ள ஐயா,

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை, இடதுசாரி ஜே.வி.பி.யின் (மக்கள் விடுதலை முன்னணி) தலைமையிலான தேசிய மக்கள் சக்தி வென்றபோது, எங்கள் வீட்டு வாக்குகளும் அதற்கே விழுந்திருந்தன. கனடாவிலிருக்கும் மாமா அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. தீவிர இடதும் தீவிர வலதும் குதிரை லாடத்தின் இரு முனைகள்போல வளைந்து நெருங்குபவை என்று ஒரு காணொளியில் பார்த்தேன். ஜேர்மனியில் செம்படைப் பிரிவு என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஹோர்ஸ்ட் மாலர் பிற்காலத்தில் நவநாசிக் கட்சியில் சேர்ந்ததை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். இரண்டும் ஒன்றுதானா? நடுவில் நிற்பதுதானே அறிவுடைமை? இதைப் பற்றி வாசிக்க ஐந்து நூல்கள் சொல்வீர்களா?

ச., கொக்குவில்

அன்புள்ள ச.,

மாமாவோடு நீங்களே முதலில் கதையுங்கள். எண்பதுகளில் இங்கிருந்து போனவரென்றால், அந்தக் கோபத்துக்கு உங்கள் காணொளியில் இல்லாத காரணங்கள் இருக்கும். வயதில் இளையவர் தொலைபேசி எடுப்பதில் ஒரு குறைவும் இல்லை.

நூற்பட்டியல் தரமாட்டேன். பட்டியல் கேட்பவர்களில் பெரும்பாலானோர் பட்டியலை வாசித்ததோடு நிறுத்திக்கொள்வதைக் கண்டு சலித்தவன் நான். கொக்குவிலிலிருந்து பொது நூலகத்துக்குச் சைக்கிளில் போகலாம். போய்ப் பழைய பத்திரிகைகளைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். மாலர் விடயத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு வழக்கறிஞர் அணி மாறியதிலிருந்து உலக அரசியலுக்கு விதி எழுத முடியாது.

ஆனால் ‘நடுவில் நிற்பதுதானே அறிவுடைமை’ என்று நீங்கள் எழுதியதை அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் இப்படி எழுதலாமா? 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் எந்தத் தீவிரக் குழு? 1981இல் நீங்கள் போகவேண்டும் என்று நான் சொல்லும் அதே நூலகம் எரிந்தபோதும், 1983 யூலையிலும் ஆட்சியில் இருந்தவர்கள் யார்? நாட்டை மாறி மாறி ஆண்ட, தம்மை மிதவாதிகள் என்று அழைத்துக்கொண்ட இரு பெருங் கட்சிகள்தான் அவை. இடதுசாரிகளையும் நான் தப்பவிடவில்லை. 1956இல் அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும், பத்தே ஆண்டுகளில், 1966 ஜனவரி 8ஆம் திகதி, தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்து, தமிழருக்கு இடங்கொடுத்தார் என்று பிரதமர் டட்லி சேனநாயக்கவைக் கேலிசெய்து, ‘டட்லியின் வயிற்றில் மசாலா வடை’ என்ற கோஷத்தோடு கொழும்பில் ஊர்வலம் போயின. நடு என்பது எங்கே இருக்கிறது என்பதை எப்போதும் பெரும்பான்மையே தீர்மானிக்கும். அதில் போய் நின்றுகொண்டு அறிவுடைமை என்று பெயர் வைக்காதீர்கள்.

இனி, இரண்டும் ஒன்றா என்ற கேள்வி. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து சீனச் சார்புக் கம்யூனிஸ்டுகள் நடத்திய சாதி எதிர்ப்பு ஊர்வலத்தைப் பற்றி உங்கள் வீட்டு முதியவர்களிடம் கேளுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து மாவிட்டபுரம் கந்தசாமி கோவில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போக நின்றார்கள். அவர்களைத் தடுக்க முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் நின்றார். முன்னவர்களுக்குப் பின்னாலிருந்தவர்கள் மாவோவின் பெயரைச் சொல்லி ஆயுதப் புரட்சி பேசியவர்கள்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கதவைத் திறக்கச் சொன்னவரையும் அதை மறித்து நின்றவரையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

அப்படியானால் எங்கே அவை ஒன்றாகின்றன? உங்கள் கடிதம் வந்த வேளையில் நான் 1986 டிசம்பரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகள் ஈ.பி.ஆர்.எல்.எவ். என்ற இன்னொரு தமிழ் ஆயுத இயக்கத்தைத் தாக்கித் தடைசெய்தார்கள். அதே நாட்களில் தெற்கே, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சுதந்திர மாணவர் சங்கத் தலைவர் தயா பத்திரன கடத்திக் கொல்லப்பட்டார், அவர் ஜே.வி.பி.யின் இனவாதத்தோடு முரண்பட்ட ஓர் இடதுசாரி, கொன்றவர்கள் ஜே.வி.பி.யினர் என்பதே அன்றிலிருந்து பரவலாகக் கூறப்படுவது. ஒருவரையொருவர் வெறுத்த இரண்டு இயக்கங்கள், ஒரே மாதத்தில், தீவின் இரு அந்தங்களில், அரசுப் படைகளை விட்டுவிட்டுத் தமக்கு மிக அருகில் நின்றவரைக் கொன்றன.

புலிகள் டெலோ என்ற மற்றொரு தமிழ் இயக்கத்தைத் தாக்கி அழித்த அந்த ஆண்டின் ஏப்பிரல் இறுதியில் எங்கள் ஒழுங்கையிலேயே இதை நான் பார்த்துவிட்டேன். டெலோவில் இருந்த ஒரு பெடியன், வாசிகசாலை வகுப்புகளில் முதன்மை முரண்பாடு எது, துணை முரண்பாடு எது என்று கொப்பியில் அழகாக எழுதி வைத்திருந்தவன், எங்கள் பின்வேலியால் நுழைந்து ஒரு சாரம் கேட்டான். அம்மா அப்பாவின் சாரத்தைக் கொடுத்து, சோறும் கொடுத்து, இருட்டிய பின் அனுப்பினார். அவனைத் தேடி வந்தவர்கள் முந்தின வாரம் வரை அவனோடு ஒரே கடையில் தேநீர் குடித்தவர்கள். ஒழுங்கை முகப்பில் யாரோ அவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களைப் பற்றி அம்மா சாகும்வரை ஒரு சொல் பேசவில்லை; அவர்கள் வீட்டு விசேடங்களுக்கு மட்டும் போகவில்லை.

ஆகவே ஓர் இயக்கம் என்ன கொடி பிடிக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. யார் அதற்குள் நுழையலாம், நுழைந்தவர் உயிரோடு வெளியேறலாமா என்ற இரண்டையும்தான் பார்க்கிறேன். தீவிர வலது பிறப்பைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறது. நாசிகளின் ஜேர்மனியில் ஒரு யூதர் எவ்வளவு தேசபக்தராக இருந்தும் பயனில்லை. 2014 யூனில் அளுத்கமவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையில் கடை எரிந்த முஸ்லிம் வியாபாரி என்ன செய்திருந்தாலும் அது எரிந்தேயிருக்கும். தீவிர இடது யாரையும் உள்ளே அழைக்கிறது, போக விடுவதில்லை. ஜேர்மன் கம்யூனிஸ்ட் தலைவர்களுள் ஒருவரான ஹைன்ஸ் நொய்மான் ஹிட்லரிடமிருந்து தப்பி மொஸ்கோவுக்குப் போய், 1937இல் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சோவியத் முகாமில் அடைக்கப்பட்ட அவருடைய துணைவி மார்கரெட் புபர்-நொய்மானை 1940இல் ஸ்டாலினின் ஆட்களே ஹிட்லரின் காவற்படையிடம் ஒப்படைத்தார்கள். நொய்மானின் இதே ஜேர்மன் கம்யூனிஸ்ட் கட்சிதான் அதற்கு முன் சமூக ஜனநாயகக் கட்சியினரை ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று ஏசி, அவர்களின் பிரஷ்ய மாநில அரசைக் கவிழ்க்க 1931இல் நாசிகளோடு சேர்ந்து வாக்கெடுப்பில் நின்றது. 1932 நவம்பரில் ஜேர்மன் நாடாளுமன்றத்தில் நாசிகளிடம் 196 ஆசனங்கள். சண்டையிட்டுக்கொண்டிருந்த இவ்விரு கட்சிகளிடமும் சேர்த்து 221. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் தேல்மான் அடுத்த மார்ச்சில் கைதாகி, 1944இல் புக்கன்வால்ட் முகாமில் சுடப்பட்டார்.

இன்னும் ஒன்று உண்டு, அதுதான் எனக்கு மிகப் பயமானது. இடது சொற்களைப் பேசிக்கொண்டே ஓர் இயக்கம் பிறப்பையும் பார்க்கத் தொடங்கும்போது இரண்டு கதவுகளும் பூட்டப்படுகின்றன. கம்போடியாவில் பொல் பொட்டின் ஆட்கள் வியட்நாமியரையும் சாம் முஸ்லிம்களையும் வேட்டையாடியபோதே, துவோல் ஸ்லெங் சிறையைத் தம் சொந்தத் தோழர்களால் நிரப்பினார்கள். ஜே.வி.பி. 1971க்கு முன் நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. நாட்டிலேயே மிகக் கடுமையாகச் சுரண்டப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர் அதில் இந்தியாவின் கருவிகளாகக் காட்டப்பட்டார்கள். தெற்கைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. தமிழருக்குத் தனிநாடு கோரிய 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் கேட்ட நாடு மதச்சார்பற்ற, சோசலிச நாடு. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வீடுவாசலை விட்டுத் துரத்தப்பட்டபோது அந்தச் சோசலிசத்தில் எது மிஞ்சியிருந்தது என்று உங்கள் காணொளிக்காரரிடம் நான் கேட்கவில்லை, எங்களூர்ச் சோசலிஸ்டுகளிடம் கேட்கிறேன்.

உங்கள் வாக்குக்கு வருகிறேன். வெளியேறும் கதவைப் பொறுத்தவரை ஜே.வி.பி. மாறியிருக்கிறது என்பதே என் எண்ணம். 2008இல் விமல் வீரவன்சவின் அணியும் 2012இல் முன்னிலை சோசலிசக் கட்சியினரும் பிரிந்துபோனார்கள். இன்றும் கட்சி நடத்தித் தாய்க்கட்சியைத் திட்டுகிறார்கள். நுழையும் கதவைப் பொறுத்தவரை எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வடக்கையும் கிழக்கையும் பிரிக்கக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் அவர்கள். 2006 ஒக்ரோபரில் தீர்ப்பும் அவர்களுக்குச் சாதகமாகவே வந்தது. உங்கள் மூன்று உறுப்பினர்களில் ஒருவர் கொக்குவிலுக்கு வரும்போது, அந்த வழக்கை இன்று என்னவென்று நினைக்கிறார்கள் என்றும், மலையக மக்களைப் பற்றிய அந்த வகுப்பைக் கட்சி எப்போது, எந்த ஆவணத்தில் கைவிட்டது என்றும் எழுந்து நின்று கேளுங்கள். வீதிக்குத் தார் போடுவதைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்.