கிளினிக்கிலிருந்து என் சிகிச்சை விவரம் கசிந்துவிட்டது: சட்டப்படி என்ன கேட்கலாம்?

கேள்வி: தூக்கமின்மைக்கும் மனப்பதற்றத்துக்கும் நான்கு வருடமாக ஒரு கிளினிக்கில் சிகிச்சை எடுக்கிறேன். போன வாரம் அங்கிருந்து ஒரு மின்னஞ்சல்: ‘எங்கள் கணினியில் அத்துமீறல் நடந்துள்ளது. சில நோயாளிகளின் சில விவரங்கள் வெளியாகியிருக்கக்கூடும்.’ போன் செய்தால், ‘பயப்பட ஒன்றுமில்லை, பாஸ்வேர்டை மாத்திக்கோங்க’ என்கிறார்கள். எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். நான்கு வருட சிகிச்சைக் குறிப்பை மாற்ற முடியாதே! அதனால்தான் பல நாட்டுச் சட்டங்கள் உடல்நல விவரத்தைச் சாதாரணத் தகவலோடு சேர்க்காமல் தனியாக வைத்துப் பார்க்கின்றன. நஷ்டஈட்டுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால், எது கசிந்தது என்பதே உங்களுக்கு இன்னும் தெரியாது.

‘சில விவரங்கள்’ என்பது பதிலே இல்லை. பெயரும் போன் நம்பரும் மட்டுமா, அல்லது நோயின் பெயர், மருந்துச் சீட்டு, டாக்டர் தன் கைப்பட எழுதிய குறிப்பு, இன்சூரன்ஸ் எண் வரை போயிற்றா? இதை போனில் கேட்காதீர்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. ‘என்னைப் பற்றி உங்களிடம் உள்ள பதிவுகளில் எவையெவை வெளியேறின? அத்துமீறல் நடந்த தேதி எது, அது உங்களுக்குத் தெரியவந்த தேதி எது? எந்த அதிகாரிக்குத் தெரிவித்தீர்கள்?’ என்று நாலே வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். கூடவே உங்கள் பதிவுகளின் நகலையும் கேளுங்கள்.

இரண்டு தேதிகளைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜிடிபிஆர் எனப்படும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, கசிவு தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். ஆபத்து அதிகம் என்றால் நோயாளிக்கும் தேவையில்லாமல் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும். மருத்துவத் தகவலின் ரகசியம் காக்கும் அமெரிக்கச் சட்டமான ஹிப்பாவின் விதிகளில், நோயாளிக்கு அறிவிக்கக் கடைசிக் கெடு கண்டுபிடித்ததிலிருந்து 60 நாள். இந்தியாவின் 2023 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. அது படிப்படியாக நடைமுறைக்கு வருவதால் எந்தப் பிரிவு அமலில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாமதித்தார்கள் என்று காட்ட முடிந்தால், அதுவே உங்கள் புகாரில் தனிக் குற்றச்சாட்டு.

பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல ஆலோசனை நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். 2018, 2019 ஆண்டுகளில் பதிவுகள் திருடு போயின. 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே நேரடியாக மிரட்டல் வந்தது: 200 யூரோ கொடு, 24 மணி நேரம் தாண்டினால் 500. நிறுவனத்துக்கு 6,08,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டபோது 2021 டிசம்பர் ஆகிவிட்டது. அதற்குள் அது திவாலாகியிருந்தது.

அபராதத்தையும் இழப்பீட்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அபராதம் அரசுக்குப் போகும். இந்தியச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை விதிக்கலாம். அதில் ஒரு ரூபாய்கூட நோயாளி கைக்கு வராது, இழப்பீட்டுக்கு வேறு சட்டவழியைத்தான் தேட வேண்டும். ஹிப்பாவின் கீழும் தனிநபர் வழக்குப் போட முடியாது. அங்கே வக்கீல்கள் கவனக்குறைவு, ரகசியம் காக்கத் தவறியது என்று மாநிலச் சட்டங்களின் வழியாகத்தான் போகிறார்கள். ஐரோப்பாவில் நிலைமை கொஞ்சம் மேல். பண நஷ்டத்துக்கு மட்டுமல்ல, மன உளைச்சலுக்கும் கேட்கலாம். விவரம் தவறாகப் பயன்படுத்தப்படுமோ என்ற அச்சமே பாதிப்பாகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்னது. ஆனால் அதே நீதிமன்றம் அதே வருடம் மே மாதத்தில், சட்டம் மீறப்பட்டது என்பது மட்டும் போதாது, பாதிப்பைக் காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது.

ஆக, எங்கே வழக்கென்றாலும் ஆதாரம்தான் பேசும். கிளினிக் அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, மூல மின்னஞ்சலே இருக்கட்டும். நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரைச் சொல்லி யாராவது போனில் பேசினால், தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் உடனே குறித்துவையுங்கள். அவர் தகவலை எங்கிருந்து எடுத்தார் என்று நிரூபிப்பதுதான் இத்தகைய வழக்குகளில் கஷ்டமான இடம். பணம் கேட்டு மிரட்டினால் கொடுக்காதீர்கள். நேரே காவல்துறைக்குப் போங்கள்.

கோபத்தில் ‘என் ஃபைலை மொத்தமாக அழித்துவிடுங்கள்’ என்று எழுதுவார்கள் சிலர். வேண்டாம். மருத்துவப் பதிவைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்கும் கடமை பொதுவாக கிளினிக்குக்கு உண்டு, மறுத்துவிடுவார்கள். அதோடு அந்த ஃபைல்தான் உங்கள் சாட்சியும். மாறாக, நகல் வந்ததும் வரிவரியாகப் படியுங்கள். உங்கள் இன்சூரன்ஸில் வேறு யாரோ சிகிச்சை எடுத்து, அவருடைய ரத்த வகையோ ஒவ்வாமையோ உங்கள் பதிவில் ஏறியிருந்தால், பண நஷ்டத்தைவிட அது அபாயம். திருத்தச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

‘உங்கள் விவரத்தை யாராவது தவறாகப் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க ஒரு வருடம் இலவசக் கண்காணிப்பு சேவை தருகிறோம்’ என்று இணைப்பு வரலாம். ஏற்கலாம், தப்பில்லை, ஆனால் அது கிளினிக் அனுப்பியதுதானா என்று அவர்களுடைய பழைய எண்ணில் கேட்டு உறுதிசெய்த பிறகு. ‘இனி உரிமை கோரமாட்டேன்’ என்ற வரி அடியில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் வர ஜிடிபிஆரில் ஒரு மாதம் கெடு. வராவிட்டால், அல்லது மறுபடி ‘சில விவரங்கள்’ என்றே வந்தால், அந்த மின்னஞ்சல்களின் நகலோடு உங்கள் நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் கொடுங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஹிப்பா புகாருக்கு 180 நாள் கெடு. விஷயம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்தே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.